எலி அறைக்குக் காற்று

தல்கார்
4 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

பாயான் எழுதுகிறேன். உயிரும் உடைமையும் நலந்தானா? முட்டிவலி எப்படி இருக்கிறது? கரகந்தாவில் இந்நேரம் பனி விழத் தொடங்கியிருக்கும். குளிருக்கு வேண்டிய நிலக்கரி வந்து சேர்ந்ததா? இங்கே நானும் ஆயிமும் நலம்.

மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஒரு யோசனை கேட்கத்தான்.

இங்கு வந்த பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். சோதனைக்கு வளர்க்கும் வெள்ளை எலிகளையும் சுண்டெலிகளையும் பராமரிக்கும் வேலை. போன வருடம் அதை மூடிவிட்டார்கள். சம்பள பாக்கிக்கு பதில் எலிகளையும் கூண்டுகளையும் எடுத்துக்கொண்டு போ என்றார்கள். எடுத்து வந்து, அம்மா விட்டுப்போன இந்த வீட்டின் பின்னறையில் வைத்து வளர்க்கிறேன். மலையடிவாரத்தில் வல்லூறு வளர்க்கும் பண்ணை ஒன்று இருக்கிறது. பறவைகளுக்கு இரையாக வாரத்துக்கு ஒரு முறை வந்து வாங்கிப் போகிறார்கள். எங்கள் இரண்டு பேர் சாப்பாடும் அதில்தான் நடக்கிறது.

பிரச்சினை நாற்றம். கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமாளித்தேன். இப்போது திறந்தால் குட்டிகள் விறைத்துச் செத்துவிடுகின்றன. மூடி வைத்தால் காலையில் உள்ளே காலெடுத்து வைக்கும்போதே கண்ணில் நீர் கொட்டுகிறது. சூடும் போகக் கூடாது, நாற்றமும் தங்கக் கூடாது. அப்படி ஒரு வழி உண்டா?

காற்றைப் பற்றித் தெரிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை.

பாயான்

*

கரகந்தா
19 அக்டோபர் 1998

பாயானுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். நிலக்கரி வந்துவிட்டது. நீ கேட்டாயே உடைமை, அது இப்போது ஒரு பூனை மட்டும்தான். அதுவும் பக்கத்து வீட்டில்தான் சாப்பிடுகிறது.

முப்பத்தொரு வருடம் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் இருந்தவன், எலிக்குக் காற்று விட்டதில்லை. ஆனால் காற்று எங்கேயும் காற்றுதான். கீழே கேட்டிருப்பதற்கு அளந்து பதில் எழுது. குத்துமதிப்பாக எழுதாதே.

அறையின் நீளம், அகலம், உயரம் என்ன? ஜன்னல் எந்தத் திசை? கூண்டு எத்தனை, ஒரு கூண்டில் எத்தனை எலி? அடியில் என்ன பரப்புகிறாய், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறாய்? அடுப்பு எந்தச் சுவரில் இருக்கிறது? உள்கதவு எந்த அறைக்குள் திறக்கிறது? அந்த அறையில் படுப்பது யார்?

ஆயிமுக்கு ஏழு வயது ஆகியிருக்கும். பல் விழுந்து முளைத்துவிட்டதா?

ஓரஸ்பெக்

*

தல்கார்
2 நவம்பர் 1998

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஆயிமுக்கு முன்பல் இரண்டும் விழுந்து ஒன்று முளைத்திருக்கிறது. ‘ஸ’ சொல்லச் சொன்னால் விசில்தான் வருகிறது.

அளந்துவிட்டேன். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு, உயரம் எட்டரை. ஜன்னல் வடக்கே, பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்து. கூண்டு இருபத்தாறு. சுண்டெலி ஒரு கூண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு; பெரிய எலி ஐந்து. அடியில் பைன் மரத்தூள், வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். அடுப்பு உள்கதவை ஒட்டிய சுவரில்.

பக்கத்து வீட்டில் தமாரா என்று ஒருத்தி. வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ஏய் பாயான், உங்க வீட்டுல யாராவது செத்துக் கெடக்குறாங்களா? இருந்தா சொல்லிடு, அடக்கம் பண்ண நானும் வரேன்” என்கிறாள். “செத்தா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன், நீதான அழ ஆள் இல்லாம அலையுற” என்றேன். சிரித்தாள். ஆனால் அடுத்த நாளே குடியிருப்பு அலுவலகத்தில் மனு கொடுக்கப் போவதாகப் பால்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

அவளே சொன்ன யோசனைதான், மரத்தூள் மேல் சுண்ணாம்பைத் தூவினேன். நாற்றம் அடங்கும் என்றாள். அது இரண்டு மடங்காகிவிட்டது. அரைமணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணைக் கழுவினேன். சுண்ணாம்பு போட்டால் ஏன் அப்படி?

பாயான்

*

கரகந்தா
16 நவம்பர் 1998

பாயானுக்கு,

நலமாக இருக்கிறேன். முட்டிவலி குளிரோடு சேர்ந்து வந்திருக்கிறது, குளிரோடு போகும்.

சுண்ணாம்பை இனிமேல் கையால் தொடாதே. எலி மூத்திரத்தில் அமோனியா கட்டிப்போட்டாற்போல் இருக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. சாம்பலும் அப்படித்தான். தமாராவின் யோசனை தமாராவோடு இருக்கட்டும்.

ஒரு கூண்டுக்குப் பன்னிரண்டு அதிகம். ஆறுக்கு மேல் வைக்காதே. ஆண் எலிகளின் வாடைதான் தொண்டையில் ஒட்டுவது. இனப்பெருக்கத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைச் சீக்கிரம் கொடுத்துவிடு. பைன் தூளின் பிசின் எலியின் நெஞ்சுக்கு ஆகாது. தச்சனிடம் கேட்டு பிசின் இல்லாத பாப்லர் மரச் சீவலாக வாங்கு, நன்றாகக் காய்ந்ததாக. வாரம் இரண்டு முறை மாற்று. மாற்றும்போது பழைய சீவலில் ஒரு பிடி உலர்ந்ததைத் திரும்பப் போடு. தன் வாடை முழுக்கப் போய்விட்டால் எலி பயந்து இன்னும் அதிகமாக மூத்திரம் பெய்யும்.

காற்றுக்கு வருவோம். அந்த அறைக்குள் காற்றை ஊதாதே, அங்கிருந்து உறிஞ்சு. ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, அதில் வட்டமாக வெட்டி, வெளியே தள்ளும்படி ஒரு சின்ன விசிறி வை. உள்கதவின் அடியில் இரண்டு விரல் அளவு அறுத்துவிடு. அடுப்புச் சூடு பட்ட காற்று அந்த வழியாக உள்ளே போகும், நாற்றத்தை இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே போகும். குட்டிகளுக்கும் குளிராது. வீடு அறைக்குக் காற்றுக் கொடுக்கலாம், அறை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு குச்சியைக் கொளுத்தி அணைத்துக் கதவடியில் பிடி. புகை உள்ளே சாய வேண்டும்.

இதை நன்றாக மனதில் வை. விசிறி நின்றால் அந்தக் கதவடியே எதிரியாகிவிடும். நின்ற அந்த நிமிடமே ஜன்னலைத் திற. குட்டி செத்தால் சாகட்டும்.

‘இப்போது நாற்றமே இல்லை’ என்று நீ எழுதினால் நம்பமாட்டேன். மூக்கு அரைமணியில் பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர்களைக் கேள்.

அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் படுப்பது யார் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

ஓரஸ்பெக்

*

தல்கார்
6 டிசம்பர் 1998

மதிப்பிற்குரிய மாமா,

நாங்கள் நலம். முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துக் கம்பளித் துணியால் கட்டுங்கள். நீங்களாகச் செய்துகொள்ளமாட்டீர்கள், தெரியும். பக்கத்து வீட்டில் யாரையாவது கேளுங்கள்.

விசிறி ஓடுகிறது! பழைய காரின் ஹீட்டர் விசிறி ஒன்றைச் சந்தையில் பிடித்தேன். தச்சன் வந்து பலகை வெட்டிக் கொடுத்தான். கதவடியையும் அறுத்தாயிற்று. புகை பிடித்துப் பார்த்தபோது நீங்கள் எழுதியது போலவே நூல் கட்டி இழுத்தாற்போல உள்ளே போனது. ஆயிம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எலிக்கெல்லாம் விசிறி, எனக்கு மட்டும் கெடையாதா?” என்று கேட்டாள்.

“இதச் சொல்லிக் கொடுத்தது உன் தாத்தாடி, அவர்கிட்டயே கேளு.”

“எந்தத் தாத்தா?”

மாமா, அவளுக்கு உங்கள் முகம் மறந்துவிட்டது. நான்தான் மறக்கவிட்டேன். ஒரு புகைப்படம் இருந்தது, எடுத்துக் காட்டினேன். “மூக்கு பெருசா இருக்கு, அதான் காத்து பத்தித் தெரியுது” என்றாள்.

பண்ணையிலிருந்து வந்தவரைக் கேட்டேன். நாற்றம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றார். புது வருடத்துக்கு அவர்களுக்கு நிறைய வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து யாரோ பறவை பார்க்க வருகிறார்களாம்.

உங்கள் மருமகள்
பாயான்

*

கரகந்தா
20 டிசம்பர் 1998

மருமகளுக்கு,

நலம். கொழுப்புத் தேய்த்தேன். பூனை விடாமல் என் காலை நக்குகிறது.

ஆயிம் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று சிரித்து என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் ‘கட்டில்’ என்று எழுதியிருக்கிறாய். கதவடி தெரியும் இடத்தில் குழந்தையின் கட்டில் இருக்கிறது. இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் நீ தாண்டிப் போனாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கட்டிலை நகர்த்து. மற்ற அறையில் அடுப்பு இல்லையென்றால் இருவரும் சமையலறையில் படுங்கள். குழந்தைக்கு இருமல் இருக்கிறதா? எழுதாமல் விடாதே.

இன்னொன்றும் எழுத உட்கார்ந்தேன். நம் தால்கத்தைப் பற்றி, சுரங்கத்தில் அன்று நடந்ததைப் பற்றி. இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று. பிறகு எழுதுகிறேன்.

ஓரஸ்பெக்

*

கரகந்தா
17 ஜனவரி 1999

மருமகளுக்கு,

புது வருடம் பிறந்து மூன்றாவது வாரம் நடக்கிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நலந்தானா? தபால்காரியைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறேன். “தாத்தா, இருந்தா நானே ஓடி வந்து குடுக்கமாட்டேனா? குளிர்ல இப்பிடி நிக்காதீங்க” என்கிறாள்.

கட்டிலைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. கோபம் என்றால் கோபமாகவே இரண்டு வரி எழுது. ஆயிம் எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது எழுது.

ஓரஸ்பெக்

*

தல்கார்
9 பிப்ரவரி 1999

மாமா,

ஆயிம் உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், பிறகு மற்றதைப் படியுங்கள்.

ஜனவரி மூன்றாம் தேதி காலை அவளால் மூச்சுவிட முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. தமாராவின் மருமகன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இருபத்தாறு நாள் அங்கே இருந்தோம். முதல் ஐந்து நாள் பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மா அவள் சட்டையைக் கழற்றும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏம்மா, வீட்டுல என்னதான் வச்சிருக்க? துணியிலயே கண்ணு எரியுதே.”

“எலி வளக்குறேன்.”

“கொழந்த எங்க படுக்குது?”

உங்களுக்குச் சொல்லாத பதிலை அவளிடமும் சொல்ல முடியாமல் நின்றேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இருமல் செப்டம்பரிலேயே இருந்தது. அதனால்தான் உங்களுக்கு முதல் கடிதமே எழுதினேன். கட்டில் அங்கே இருந்தது அடுப்பு அங்கே இருந்ததால். விசிறி வைத்த பிறகு இருமல் குறைந்தது. புது வருடப் பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது தமாரா வந்தாள். மகள் வீட்டார் வருகிறார்கள், அந்த விசிறி நாற்றத்தையெல்லாம் என் முற்றத்தில் கொட்டுகிறது, விருந்து முடியும்வரை நிறுத்தி வை, இல்லாவிட்டால் மனுதான் என்றாள். மனு போனால் எலிகள் போய்விடும். பண்ணைக்கு வேறு புது வருடத்துக்கு நானூறு எலி தருவதாக ஒத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆறு என்று சொன்ன கூண்டில் பதினைந்து வைத்திருந்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி குளிர். விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைத் திறக்கவில்லை. கதவடியில் துணி அடைத்தேன், போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் டிசம்பர் கடிதம் இருபத்தெட்டாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. படித்தேன். விருந்து முடிந்ததும் நகர்த்தலாம் என்று மடித்து வைத்தேன்.

இப்போது நடக்கிறாள், பேசுகிறாள். மாடிப்படி நான்கு ஏறினால் நின்றுவிடுகிறாள். இது எப்போது சரியாகும் என்று கேட்டேன். டாக்டரம்மா, “பாக்கலாம்” என்றாள், அவ்வளவுதான்.

தெரிந்தே விட்டவளாகிவிட்டேன் மாமா. அதனால் உங்களிடம் கேட்க எனக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. தால்கத் செத்த அன்று சுரங்கத்தில் வாயு ஏறியிருந்தது உங்களுக்குத் தெரியுமா? சாபித் சிகரெட் பற்றவைத்ததால்தான் வெடித்தது என்று விசாரணையில் எழுதினார்கள். நானும் நம்பினேன், பாதி மனதோடு. நீங்கள் சொல்லுங்கள்.

பாயான்

*

கரகந்தா
27 பிப்ரவரி 1999

மகளே,

குழந்தை பிழைத்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி. கதவடியை அறுக்கச் சொன்னவன் நான். எழுதியதோடு விடாமல் ரயிலேறி வந்து பார்த்திருக்க வேண்டும். நீ கூப்பிடவில்லை என்று இங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியும்.

கிழக்குப் பகுதியில் காற்றைக் கொண்டுபோகும் துணிக்குழாய் நான்கு இடத்தில் கிழிந்திருந்தது. அங்கிருந்த விசிறியும் பாதிப் பலத்தில்தான் ஓடியது. நிலக்கரி வெட்டும் முகப்பில் வாயு நாளுக்கு நாள் ஏறியது. வேலையை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டான்.

“ஓரஸ்பெக், நீ எழுதுற தாள வச்சு அடுப்புகூடப் பத்தவைக்க முடியாது. மாசக் கடைசி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. புது விசிறி வருது. இல்ல, ஓய்வு வாங்கிட்டுப் போறதுன்னா இன்னைக்கே போ, உன் எடத்துக்கு ஆளா இல்ல?”

மூன்றாவது முறை நான் எழுதவில்லை. பதிவேட்டில் அளவைக் குறைத்துப் போட்டுக் கையெழுத்திட்டேன். பதினோரு நாள் அப்படிச் செய்தேன்.

வெடித்த அன்று காலை நாம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நீ தால்கத்துக்கு ரொட்டியும் இறைச்சியும் துணியில் கட்டிக்கொண்டிருந்தாய். அவன் என்னிடம், “அப்பா, ரெண்டு நாளா கீழ தலைய வலிக்குது. காத்து எப்பிடி இருக்கு?” என்றான். “எல்லாம் சரியாத்தான் இருக்கு, போ” என்றேன்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. என் மகனை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கீழே அனுப்பினால், எனக்குத் தெரியும் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். எல்லாரையும் நிறுத்தும் துணிவும் இல்லை. ஆக யாரையும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேர் மேலே வரவில்லை.

சாபித் சிகரெட்டைத் தொடாதவன். இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா? செத்தவன் மறுத்துப் பேசமாட்டான் என்று அவன் தலையில் எழுதினார்கள். அந்த அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்துவிட்டு அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

உன் தவறையும் என் தவறையும் ஒரே தட்டில் வைக்காதே. நீ ஒருத்தி, குளிரில், கையில் குழந்தையோடு. எனக்கு எழுத ஒரு தாளும் இருந்தது, அதைக் கேட்க மந்திரி வரைக்கும் ஆட்களும் இருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

ஓரஸ்பெக்

*

தல்கார்
11 ஏப்ரல் 1999

மாமா,

உங்கள் உடம்பு எப்படி? ஆயிம் முன்னைவிடத் தேவலை. ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. பூ வாசம் மூக்குக்கு வருகிறதா என்று கேட்டால், “வருது, ஆனா உள்ள வரைக்கும் போகல” என்கிறாள்.

எலிகள் இப்போது வீட்டில் இல்லை. பண்ணையிலேயே ஒரு கொட்டகை ஒதுக்கிக் கொடுத்து, என்னை அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே உடை மாற்றிக்கொள்கிறேன். பின்னறைச் சுவரைச் செங்கல் வரை சுரண்டிப் பூசினேன். மழைநாளில் இன்னும் லேசாக வருகிறது.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆறு வாரம் கையிலெடுப்பதும் வைப்பதுமாகப் போயிற்று.

அன்று காலை தால்கத் உங்களிடம் கேட்டதும் நீங்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது. ரொட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், காது இல்லாமலா கட்டினேன்? அதனால்தான் உங்கள் வீட்டை விட்டு வந்தேன். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்பது ஒன்றுதான் மூன்று வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாமல்தான் என்று வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த வேண்டுதல் அறுந்துவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். இரண்டு பேரும் பொய் எழுதியது போதும். ஆனால் உங்களை வெறுக்கவும் என்னால் இப்போது முடியவில்லை. கையில் குழந்தையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிறகு அது முடியாமல் போய்விட்டது.

ஒன்று மட்டும் நெஞ்சில் குத்துகிறது. தால்கத்தின் நாற்பதாம் நாள் சடங்கில் சாபித்தின் மனைவி ஸெய்னெப் எனக்குத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினாள். எல்லோர் முன்னாலும் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அந்தத் தேநீரைத் தானே குடித்துவிட்டு எழுந்து போனாள். அவள் இன்னும் அதே தெருவில்தானே இருக்கிறாள்?

எனக்கு எழுதியதை அவளிடம் சொல்லுங்கள். மற்ற வீடுகளிலும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ரயிலேறி இங்கே வாருங்கள். ஆயிம் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

உங்கள் மருமகள்
பாயான்

*

கரகந்தா
6 மே 1999

மகள் பாயானுக்கு,

நலமாக இருக்கிறேன். வெயில் வந்ததும் முட்டிவலி போய்விட்டது. உன் உடம்பைக் கவனித்துக்கொள். ஆயிமைக் காலை வெயிலில் உட்கார வை. ஓடச் சொல்லாதே, தானாக ஓடினால் தடுக்காதே.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை ஸெய்னெப் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். அந்த வீட்டுக்கு மூன்று வருடமாக யாரும் போவதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன், பதிவேட்டில் நான் எழுதிய எண்களிலிருந்து அறிக்கையில் போட்ட கையெழுத்து வரை.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கம்பளத்தட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த சாபித்தின் படத்தைப் பார்த்தாள்.

“நானே அவரத் திட்டியிருக்கேன் தெரியுமா?” என்றாள். “வீட்டுல ஒரு நாள்கூடப் பத்தவைக்காத மனுசன், கீழ போயி ஏன்யா பத்தவச்சன்னு தெனமும் படத்தப் பாத்துத் திட்டியிருக்கேன். எல்லாரும் சொன்னா நமக்கே நம்பத் தோணுதுல்ல.”

கம்பளத்தட்டியைக் கீழே வைத்தாள்.

“இங்க நாலு சுவத்துக்குள்ள சொல்லி என்ன ஆகப்போகுது? தண்ணி வண்டி வந்திருக்கு. தெருவே அங்கதான் நிக்குது. வாங்க.”

வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் போனேன். அங்கே நாற்பது பேர் இருப்பார்கள். செத்தவர்களில் நான்கு பேருடைய வீட்டாரும் அதில் இருந்தார்கள். ஸெய்னெப் நடுவில் போய் நின்று, “பெரியவரு ஒண்ணு சொல்லணுமாம், கேளுங்க” என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். “சத்தமா சொல்லுங்க, கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கல” என்றாள். சத்தமாகச் சொன்னேன். சாபித் பற்றவைக்கவில்லை, காற்று கெட்டிருந்தது, அது எனக்குத் தெரிந்திருந்தது என்று மூன்று முறை சொல்லவைத்தாள்.

கிழவி ஒருத்தி என் காலடியில் துப்பினாள். அவள் இரண்டு மகன்களை இழந்தவள். தண்ணீர் வண்டிக்காரன் குழாயைத் திறந்தது திறந்தபடியே நின்றான், தண்ணீர் மண்ணில் ஓடியது. அப்புறம் முன்னால் நின்ற பெண் ஒருத்தி விலகிக்கொண்டு, “நீ மொதல்ல பிடி ஸெய்னெப்” என்றாள். ஸெய்னெப் வாளியை நிரப்பினாள். யாரையும் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் தோள் குலுங்கியது தெரிந்தது.

நீ எழுதிய கிண்ணத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னேன், பிறகொரு நாள். “ஞாபகம் இருக்கு” என்றாள். அதை நீயேதான் அவளுக்கு எழுத வேண்டும்.

மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போகிறேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்று கதவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னொரு வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த இளம் அதிகாரி, “பெரியவரே, மூணு வருசம் கழிச்சு ஏன் இத எடுத்துக்கிட்டு வரீங்க? வீட்டுல நிம்மதியா இருக்கக் கூடாதா?” என்றான். நிம்மதியாக இருந்தால் வந்திருக்கமாட்டேன் என்றேன். மறுபடியும் விசாரிக்கப் போகிறார்களாம். முடியும்வரை நான் ஊரைவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்கிறார்கள். முடிவில் என்னை எங்கே வைப்பார்கள் என்பதும் தெரியாது. அதனால் என்னால் வர முடியாது, மகளே.

ஆயிம் கேட்பாள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, ரயில் கிடைக்கவில்லை என்று எதையாவது சொல்லிவைக்காதே. தாத்தா பெரிய தப்புப் பண்ணிட்டாரு, அத வீடு வீடாப் போயிச் சொல்லிக்கிட்டிருக்காரு, இன்னும் நாலு வீடு பாக்கி இருக்குன்னு சொல்லு.

ஓரஸ்பெக்